சோறு அப்படியே, கறி மாறிவிட்டது: ஐரோப்பாவில் புலம்பெயர்ந்தோரின் உணவுப் பழக்கம்

ஒஸ்லோவில் ஒரு பிறந்தநாள் மண்டபம். ரோல்ஸும் பற்றிஸும் முடிந்து, சோற்றுக்கு வரிசை தொடங்கும் நேரம். இரத்தப் பரிசோதனை முடிவு வந்த கதையை யாராவது எடுத்தால் போதும், பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும். "வெள்ளையளின்ர சாப்பாட்டைப் பழகினதாலதான் அண்ணை எங்களுக்கு உந்த வருத்தமெல்லாம்" என்பார் ஒருவர். "இல்லைத் தம்பி, என்ர டொக்டர் சோத்தை விடச் சொல்லிப்போட்டார். எங்கட சாப்பாடுதான் பிழையாம்" என்பார் மற்றவர்.

இந்த இரண்டு பேச்சையும் பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே ஒரே தவறான படத்தை மனதில் வைத்துப் பேசுகின்றன. 'எங்கட சாப்பாடு' என்று ஒரு கரை, 'அவையின்ர சாப்பாடு' என்று மறுகரை, புலம்பெயர்ந்தவர் ஒரு கரையிலிருந்து மற்றதற்குத் தோணி ஏறுகிறார் என்பது அந்தப் படம். ஒஸ்லோவில் இருக்கும் தமிழரையோ, பெர்லினில் இருக்கும் துருக்கியரையோ, அம்ஸ்ரர்டாமில் இருக்கும் கானா நாட்டவரையோ எடுத்துப் பார்த்தால் அப்படி யாரும் கரை மாறவில்லை. இரவில் கோப்பையில் சோறுதான் இருக்கிறது. அதே சோற்றைச் சுற்றி மற்றதெல்லாம் நகர்ந்திருக்கிறது. எது முதலில் நகர்கிறது, எது கடைசிவரை அசையாது, அது உடலில் என்ன செய்கிறது என்பதைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம்.

மொழி மாறும் வழியில்தான் சாப்பாடும் மாறும்

நோர்வேயில் உள்ள ஒரு தமிழ் வீட்டின் பேச்சைக் கவனியுங்கள். முதலில் தமிழுக்குள் நுழைவது உதிரிச் சொற்கள். பாலர் பாடசாலையை யாரும் பாலர் பாடசாலை என்று சொல்வதில்லை, 'பார்னஹாகே' என்றுதான் சொல்கிறார்கள். பிறகு பிள்ளைகள் தங்களுக்குள் நோர்வேஜிய மொழியில் பேசத் தொடங்குகிறார்கள். ஆனால் கதவிடுக்கில் விரல் நசுங்கினால் அதே பிள்ளையின் வாயில் வருவது "ஐயோ அம்மா". ஆழத்தில் இருப்பது கடைசியாகத்தான் அசையும்.

இன்னொன்றும் நடக்கிறது. சில சொற்கள் அப்படியே இருக்க, பொருள் மட்டும் நழுவிவிடும். ஊரில் 'பின்னேரம்' என்றால் வெயில் சாயும் நேரம். நோர்வேயின் மார்கழியில் மூன்றரை மணிக்கே இருட்டிவிடுகிறது. சொல் அதேதான், அதற்குள் இருக்கும் வானம் வேறு.

சாப்பாட்டிலும் இந்த இரண்டும் நடக்கின்றன. புதிய நாட்டில் குடியேறியவர்கள் அந்த நாட்டு உணவுகளிலும் உணவு நேரங்களிலும் சிலவற்றை எடுத்து, தங்களுடையதில் சிலவற்றை வைத்து, சிலவற்றைக் கைவிட்டு, புதிதாக ஒன்றைப் பழக்கமாக்கிக் கொள்வதை உணவுப் பண்பாட்டேற்பு என்று சொல்வோம். இந்தக் கட்டுரையின் மையச் சொல் அதுதான். 'ஏற்பு' என்று இருப்பதால் ஒருவர் விரும்பித் தெரிவு செய்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பகுதி வேலை நேரமும், கடையில் கிடைப்பதும், பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் தீர்மானிப்பதுதான்.

மூன்று அடுக்கு: அடிப்படை, துணை, உதிரி

சுவீடனில் புலம்பெயர்ந்தோரின் உணவை ஆராய்ந்த தாஹிரே கொச்துர்க் ஒரு எளிய வரைபடம் தந்தார். ஒரு சமூகத்தின் சாப்பாட்டை மூன்று அடுக்காகப் பிரிக்கலாம். நடுவில் அடிப்படை உணவு: எங்களுக்குச் சோறு, துருக்கியருக்கு ரொட்டியும் புல்கர் கோதுமையும், கானாவினருக்குக் கிழங்கிலும் வாழையிலும் இடித்துச் செய்யும் ஃபுஃபு. அதைச் சுற்றித் துணை உணவு: மீன், இறைச்சி, பருப்பு, மரக்கறி, பால். வெளியில் உதிரி உணவு: இனிப்பு, கொறிப்பன, பானங்கள், கொழுப்பு, பழம்.

வெளி அடுக்கு நாக்கின் ருசிக்கு அருகில் இருக்கிறது, நடு அடுக்கு 'நான் யார்' என்பதற்கு அருகில் இருக்கிறது. ஆகவே மாற்றம் வெளியிலிருந்து உள்ளே நகர்கிறது. சோடாவும் சிப்ஸும் பிஸ்கற்றும் வந்த முதல் மாதமே வீட்டுக்குள் வந்துவிடும். பட்டர், மாஜரின், சீஸ் சில மாதங்களில். சோறு மட்டும் முப்பது வருடம் கழித்தும் இருக்கும். தூள் ஒன்றுதான் இந்த வரிசைக்கு அடங்காதது. யாழ்ப்பாணத்தில் வறுத்து இடித்த மிளகாய்த்தூள் சூட்கேஸில் கடல் தாண்டி வருவதை எந்த வரைபடமும் தடுக்க முடியவில்லை.

நாளின் நேரங்களிலும் இதே ஒழுங்கு தெரியும். முதலில் போவது காலைச் சாப்பாடு, அடுத்து மதியம், கடைசியாக இரவு. நோர்வேயில் இதைக் கண்ணால் காணலாம். இங்கே பள்ளிப் பிள்ளைகள் 'மாத்பாக்கே' என்ற பொதியைக் கொண்டு போவார்கள்: மேலே சீஸோ பழுப்புச் சீஸோ வைத்த சில பாண் துண்டுகள், நடுவில் மெல்லிய தாள். பெரும்பாலான பாடசாலைகளில் சூடான மதிய உணவு கிடையாது. தமிழ்ப் பிள்ளை இடியப்பமும் சொதியும் கொண்டு போய் ஒரு நாள் மணத்துக்காகக் கேலிக்கு ஆளானால் போதும், மறுநாளிலிருந்து பாண்தான். பிள்ளைக்குப் பாண் வெட்டும் தாய், நேரமில்லாமல் தனக்கும் இரண்டு துண்டு வெட்டிக்கொள்வார். அந்த வீட்டில் காலைப் புட்டு சனி ஞாயிறுக்கு நகர்ந்தது அப்படித்தான். யாரும் கூடி முடிவெடுக்கவில்லை.

இங்கே ஒரு கேள்வியை நிறுத்திக் கேட்க வேண்டும்: பிள்ளை வீட்டுக்குக் கொண்டு வரும் அந்த 'நோர்வே உணவு' எது? வெள்ளிக்கிழமை இரவென்றால் நோர்வே வீடுகளில் டாக்கோ. மற்ற நாளில் உறைந்த பீட்சா. ஒன்று மெக்சிக்கோவில் பிறந்து அமெரிக்கா வழியாக வந்தது, மற்றது இத்தாலியிலிருந்து. அவித்த கொட் மீனும் உருளைக்கிழங்கும் கரட்டும் உண்ட நோர்வேப் பாட்டியின் சமையலறைக்குள் பெரும்பாலான குடியேறிகள் ஒருநாளும் நுழைந்ததில்லை. அவர்கள் சந்தித்தது சுப்பர்மார்க்கற்றை. 'ஐரோப்பிய உணவைப் பழகினோம்' என்பதைவிட, ஐரோப்பியரே இந்த ஐம்பது வருடத்தில் புதிதாகப் பழகிய பொதி உணவை அவர்களோடு சேர்ந்து நாங்களும் பழகினோம் என்பதே சரி.

இதுவரை பார்த்தது: சாப்பாடு மொத்தமாக மாறுவதில்லை. உதிரி முதலில், துணை அடுத்து, அடிப்படை கடைசி. காலை முதலில், இரவு கடைசி. 'நாங்கள் இன்னும் சோறுதான் சாப்பிடுகிறோம்' என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் கடைசி அடுக்கை மட்டும் பார்த்துச் சொல்கிறார்.

பெயர் மாறாத கறிக்குள் என்ன நடந்தது

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது இந்தப் பகுதி. ஏனென்றால் இது கண்ணுக்குத் தெரிவதில்லை.

கானா நாட்டவரின் ஃபுஃபுவை எடுங்கள். ஊரில் மரவள்ளியையும் பச்சை வாழைக்காயையும் அவித்து உரலில் இடித்துச் செய்வார்கள். அம்ஸ்ரர்டாமிலோ லண்டனிலோ மாடிக்குடியிருப்பில் உலக்கை போட முடியாது. அதனால் காய்ந்த உருளைக்கிழங்குப் பொடியையும் மாச்சத்தையும் வெந்நீரில் கிளறி ஃபுஃபு ஆக்குகிறார்கள். பெயர் ஃபுஃபுதான், கையால் உருட்டி உண்பதும் அப்படியேதான். உள்ளே இருப்பது வேறு.

எங்கள் வீடுகளிலும் இதுதான். ஒஸ்லோவில் குடியேறிய பாகிஸ்தானியரிடமும் இலங்கையரிடமும் ஆய்வாளர்கள், ஊரில் இருந்ததைவிட எதை அதிகம் உண்கிறீர்கள், எதைக் குறைவாக உண்கிறீர்கள் என்று கேட்டார்கள். நோர்வேயில் இலங்கையர் என்றால் மிகப் பெரும்பாலும் தமிழர். எண்ணெய், இறைச்சி, பால், உருளைக்கிழங்கு எல்லாம் கூடியிருந்தன. பருப்பும் பயறும் குறைந்திருந்தன. இதில் ஒன்றுகூட 'வெள்ளைக்காரச் சாப்பாடு' என்று பெயர் சொல்லக்கூடியதல்ல. எல்லாமே கறிச்சட்டிக்குள் நடந்த மாற்றம்.

ஏன் அப்படி நடந்தது? ஊரில் ஆட்டிறைச்சி பண்டிகைக்கும் விருந்தாளிக்கும் உரியது. எண்ணெயைக் கையளந்துதான் ஊற்றினோம். இங்கே ஒரு நாள் சம்பளத்தோடு ஒப்பிட்டால் இரண்டும் மலிவு. நோர்வேயில் இறைச்சி விலை என்று முணுமுணுப்பவர்கள் சனிக்கிழமையில் காரை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி சுவீடனின் ஸ்வீனெசுண்டுக்குப் போய் பெட்டி பெட்டியாக வாங்கி உறைபெட்டியை நிரப்புகிறார்கள். நோர்வேக்காரரும் அதைத்தான் செய்கிறார்கள். மறுபக்கம், ஊரில் வேலியோரம் பிடுங்கிய முருங்கையிலையும் பொன்னாங்காணியும் வல்லாரையும் இங்கே விமானத்தில் வந்து, சிறு பிடி பெரிய விலைக்குத் தமிழ்க்கடையில் கிடக்கின்றன. ஊரில் விலையில்லாதது இங்கே ஆடம்பரமாகிவிட்டது, அங்கே ஆடம்பரமாக இருந்தது இங்கே அன்றாடமாகிவிட்டது. கறியின் தலைகீழ் மாற்றத்தை இந்த ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

நேரமும் சேர்ந்துகொள்கிறது. காலையில் ஒருவர் துப்புரவு வேலைக்கும் மாலையில் மற்றவர் உணவகத்துக்கும் போகும் வீட்டில், ஞாயிறு ஒரு பெரிய சட்டி கோழிக்கறி வைத்தால் புதன்வரை ஓடும். கீரை அப்படி ஓடாது. மூன்று மரக்கறியும் ஒரு சம்பலும் சொதியும் இருந்த இடத்தில் சோறும் ஒரு இறைச்சிக்கறியும் மிஞ்சியது சோம்பலினால் அல்ல.

விருந்தோம்பலையும் மறக்கக்கூடாது. ஊரில் வருடத்துக்குச் சில தடவை வந்த விருந்து, இங்கே சனிக்கிழமைதோறும் வருகிறது: பிறந்தநாள், சாமத்தியவீடு, கலியாணம், குடிபுகல். உறவைத் தக்க வைக்க எங்களுக்கு மிஞ்சியிருக்கும் களம் அதுதான் என்பதால் அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் விருந்துச் சாப்பாடு வாரச் சாப்பாடாகிவிட்டது என்பது உண்மை.

மாற்றம் விமானம் ஏறுமுன்பே தொடங்குகிறது

புலம்பெயர்வுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நினைப்பதும் அரைகுறை. இதை அழகாகக் காட்டிய ஆய்வு ரோடாம். கானாவின் கிராமத்தில் இருப்பவர்கள், கானாவின் நகரத்தில் இருப்பவர்கள், அம்ஸ்ரர்டாம், பெர்லின், லண்டன் நகரங்களில் குடியேறிய கானாவினர் என ஒரே மக்களை ஐந்து இடங்களில் அளந்தார்கள். முடிவுகள் 2016இல் வெளிவந்தன. உடற்பருமன் கிராமத்து ஆண்களில் நூற்றுக்குச் சுமார் 1, கானா நகரத்தில் 7, லண்டனில் 21. பெண்களில் கிராமத்தில் சுமார் 8, நகரத்தில் 34, லண்டனில் 54.

பெண்களின் கணக்கை மறுபடி பாருங்கள். 8இலிருந்து 34க்கு ஏறியது கானாவுக்குள்ளேயே. விமானச்சீட்டு வாங்காத பயணம் அது: தோட்டத்திலிருந்து கடைக்கு, நடையிலிருந்து பேருந்துக்கு. ஐரோப்பா அந்த ஏற்றத்தை மேலும் உயர்த்தியது, தொடங்கி வைக்கவில்லை.

எங்கள் கதையும் வேறில்லை. 'பாண்' என்ற சொல்லே போர்த்துக்கீசியர் விட்டுச் சென்றது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மிளகாய் இல்லாமல் யாழ்ப்பாணத் தூள் இல்லை. கோதுமை மாப் புட்டு நான் பிறக்குமுன்பே யாழ்ப்பாணத்தில் அவிந்தது. 1873இல் தொடங்கி 1916வரை வட இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகத் தென் அமெரிக்காவின் சுரினாமுக்குக் கொண்டு செல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள், 1975இல் அந்த நாடு விடுதலை பெற்ற காலத்தில் பெருந்தொகையாக நெதர்லாந்துக்கு வந்தார்கள். இன்று டென் ஹாக் நகரத்து ரொட்டிக் கடைகளில் அவர்கள் விற்கும் 'பாரா' எங்கள் உளுந்து வடைக்கு உறவு. ரொட்டியோடு கோழியும் உருளைக்கிழங்கும் நீளப் பயற்றங்காயும் தருவார்கள். பீகார், சுரினாம், ஒல்லாந்து என மூன்று கண்டம் கண்ட ஒரு கோப்பை அது. அதில் எதை 'அசல்' என்று பிரித்தெடுப்பது?

சுருக்கமாக: 'எங்கட சாப்பாடு' என்பது நின்ற இடத்தில் நின்ற ஒன்றல்ல. கறியின் பெயரை வைத்து அது பழையதா புதியதா என்று சொல்ல முடியாது. எவ்வளவு எண்ணெய், எவ்வளவு இறைச்சி, எவ்வளவு பருப்பு என்று சட்டிக்குள் பார்க்க வேண்டும்.

ஒரே சாப்பாடு, வேறு உடல்

'பக்கத்து வீட்டு நோர்வேக்காரன் என்னைவிட இரண்டு மடங்கு இறைச்சி சாப்பிடுகிறான். அவனுக்கு ஒன்றுமில்லை, எனக்கு மட்டும் ஏன் சீனி வருத்தம்?' இதைக் கேட்காத தமிழர் குறைவு. நியாயமான கேள்வி.

ஒரு விவசாயி வீட்டை நினையுங்கள். விளைச்சல் மிஞ்சினால் நெல்லைக் கொட்டிலில் அடுக்குவார்கள். ஒரு வீட்டின் கொட்டில் பெரியது, மூட்டை எத்தனை வந்தாலும் கொள்ளும். இன்னொரு வீட்டின் கொட்டில் சிறியது. அது நிரம்பியதும் மூட்டைகள் விறாந்தைக்கு வரும், பிறகு படுக்கையறைக்கு, கடைசியில் அடுப்படிக்கு. அடுப்படியில் மூட்டை அடுக்கினால் சமைப்பது எப்படி?

உடலின் கொட்டில் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு. மிஞ்சும் சக்தி அங்கே தங்கினால் தீங்கு குறைவு. தென்னாசியருக்கு இந்தக் கொட்டில் சராசரியில் சிறியது என்பது ஆய்வாளர்கள் தரும் முக்கிய விளக்கங்களில் ஒன்று. கொழுப்பு விரைவில் வயிற்றுக்குள்ளும் ஈரலுக்குள்ளும் போய்ச் சேர்கிறது. அங்கே கொழுப்பு சேர்ந்தால் இன்சுலின் தடை வருகிறது. இன்சுலின் என்பது இரத்தத்தில் உள்ள சீனியை உடலின் உயிரணுக்களுக்குள் அனுப்பும் சுரப்பு. அது கதவைத் தட்டியும் உயிரணுக்கள் சரியாகத் திறக்காத நிலையே இன்சுலின் தடை. கணையம் இன்னும் இன்னும் உரக்கத் தட்டுகிறது, வருடக் கணக்கில் தட்டிக் களைக்கிறது. சீனி இரத்தத்தில் தேங்குகிறது. அதுதான் இரண்டாம் வகை நீரிழிவு.

ஆகவே மெலிந்து தெரியும் தமிழருக்கும் இது வரும். 2013இல் இங்கிலாந்தின் நைஸ் என்ற மருத்துவ வழிகாட்டு அமைப்பு இதற்காகவே வேறு எல்லை சொன்னது. உடல் நிறையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீற்றரில் எடுத்து, நிறையை உயரத்தால் இருமுறை வகுத்தால் வரும் எண் உடல் நிறைச் சுட்டி. வெள்ளையருக்கு 25ஐத் தாண்டினால் கவனம், 30ஐத் தாண்டினால் பருமன் என்பது வழக்கம். தென்னாசியர், சீனர், கறுப்பினத்தவருக்கு அந்தக் கவனம் 23இலேயே தொடங்க வேண்டும், 27.5இல் ஆபத்து அதிகம் என்றது நைஸ். 1.65 மீற்றர் உயரமுள்ள ஒருவருக்கு 23 என்றால் 63 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. எங்கள் வீடுகளில் 'நல்லா இளைச்சுப் போனீங்கள், சாப்பிடுறதில்லையே?' என்று கேட்கும் நிறை அது.

லண்டனின் சவுத்ஹோல், பிரென்ற் பகுதிகளில் 1980களின் இறுதியில் தொடங்கி மக்களைப் பல பத்தாண்டு பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. 80 வயதை எட்டும்போது தென்னாசியரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நீரிழிவு வந்திருந்தது. வெள்ளையரில் ஐந்தில் ஒருவருக்கு.

ஆனால் உடல்வாகு விதி ஆகிவிடாது. கொட்டில் சிறியது என்றால் மூட்டை மிஞ்சாமல் பார்ப்பதுதான் வழி, மூட்டை குறைவாக வந்த காலத்தில் அதே உடல் நன்றாகத்தான் இருந்தது. வயலிலும் கிணற்றடியிலும் செலவழிந்த சக்தி, காரிலும் சோபாவிலும் செலவழிவதில்லை. சோறு அதே அளவு.

கோப்பையில் இல்லாத ஒரு சத்து: வெயில்

சாப்பாட்டைப் பற்றிய பேச்சில் வெயில் எங்கே வருகிறது என்று கேட்கலாம். விற்றமின் டி கதையில் அதுதான் நாயகன். எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்தைச் சேர்க்க உதவும் இந்தச் சத்தைப் பெரும்பாலும் நாங்கள் உண்பதில்லை, தோலில் சமைக்கிறோம். வெயிலில் உள்ள புறஊதாக் கதிர்தான் அடுப்பு. கருந்தோலின் நிறமி அதற்கு மேல் பிடித்த குடை. யாழ்ப்பாணத்து வெயிலில் குடை இருந்தாலும் அடுப்பு எரியும். வடக்கே 60 பாகையில் இருக்கும் ஒஸ்லோவில், ஒக்ரோபரிலிருந்து மார்ச் வரை சூரியன் மிகத் தாழ்வாகப் போவதால் அடுப்பு அணைந்தே கிடக்கிறது.

நோர்வேக்காரர் இதற்கு எப்போதோ வழி கண்டார்கள். பெயரில் 'ர்' ஓசை வரும் மாதங்களில், அதாவது செப்ரெம்பரிலிருந்து ஏப்ரல் வரை, ஒரு கரண்டி கொட் மீன் ஈரல் எண்ணெய் குடிக்க வேண்டும் என்பது அவர்கள் பாட்டிமார் சொன்ன விதி. நாங்கள் அவர்களின் சோடாவை எடுத்துக்கொண்டோம், இந்த எண்ணெயை எடுக்கவில்லை. உதிரி அடுக்கிலேயே நல்லதொன்று இருந்தது, அதைக் காட்டித்தர ஆள் இருக்கவில்லை.

கிளாஸ்கோவில் நடந்ததைச் சொன்னால் இதன் பாடம் விளங்கும். 1960களின் தொடக்கத்தில் அங்கே பாகிஸ்தானியக் குடும்பங்களின் பிள்ளைகளிடம் ரிக்கற்ஸ், அதாவது எலும்பு மென்மையாகிக் கால் வளையும் நோய், கண்டறியப்பட்டது. சப்பாத்திதான் காரணம், சைவம்தான் காரணம், உடுப்புத்தான் காரணம் என்று பழி முழுதும் அந்தக் குடும்பங்களின் பழக்கத்தின் மேல் விழுந்தது. இதே நகரத்தில் ஒரு நூற்றாண்டு முன்பு, புகை மண்டிய தெருக்களில் வெள்ளைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கும் கால் வளைந்தது. பிற்பாடு நாட்டின் உணவையே மாற்றினார்கள்: 1940இல் பிரித்தானியாவில் மாஜரினில் விற்றமின் டி சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் மாஜரின் பூசாமல் நெய் பூசிய வீடுகளுக்கு அந்தப் பாதுகாப்பு எட்டவில்லை. சப்பாத்தி மாவிலும் சேர்க்கலாம் என்ற யோசனை வந்தது, நடக்கவில்லை. கடைசியில் 1979இல் கிளாஸ்கோவில் விற்றமின் டியை இலவசமாக வீடுகளுக்குக் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. நோய் குறைந்தது. யாரும் சப்பாத்தியை விட வேண்டியிருக்கவில்லை.

எனக்கு இதைப் படித்தபோது கோபம் வந்தது, இன்றும் வருகிறது. ஒரே நோய்க்கு ஒரு கூட்டத்துக்குச் சத்தும் மற்றக் கூட்டத்துக்குப் புத்திமதியும் கொடுத்தார்கள்.

இதுவரை: உடலில் நடப்பதற்குச் சாப்பாடு மட்டும் காரணமல்ல. கொழுப்பைச் சேமிக்கும் விதம், உழைப்பு, வெயில், நாடு எந்த உணவில் சத்துச் சேர்க்கிறது என்பவையும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

எல்லாம் கெட்டுப்போகவில்லை

குடியேறியவர் உணவு என்றாலே நோய்ப் பட்டியல் படிப்பது ஒரு வழக்கமாகிவிட்டது. 2004ஆம் ஆண்டு இங்கிலாந்தின் உடல்நலக் கணக்கெடுப்பில், நாளுக்கு ஐந்து பங்கு பழமும் மரக்கறியும் உண்ட ஆண்கள் பொதுமக்களில் 23 வீதம். இந்திய வம்சாவளி ஆண்களில் 37 வீதம், சீன வம்சாவளியில் 36 வீதம். துருக்கிய, மொரோக்கோ சமூகங்களில் மது மிகக் குறைவு. 1961 ஒப்பந்தத்தின்படி ஜேர்மனிக்குத் தொழிலாளராக வந்த துருக்கியர், பிற்பாடு குடும்பங்களும் வந்து சேர்ந்ததும் மரக்கறிக் கடைகளைத் திறந்தார்கள். கத்தரிக்காயும் கடலையும் ஜேர்மன் தெருக்களுக்குச் சாதாரணமானது அந்தக் கடைகளால். ஒஸ்லோவின் குரோன்லாண்ட் பகுதியிலும் அப்படித்தான், நோர்வேக்காரர் மலிவான மரக்கறிக்கு அங்கே வருகிறார்கள்.

ஆலோசனை சமையலறைவரை போக வேண்டும்

இனி அந்த மண்டபத்து மருத்துவரிடம் திரும்புவோம். 'சோற்றை விடு' என்பது அடிப்படை அடுக்கில் கை வைப்பது. மூன்று அடுக்கில் மிகக் கடைசியாக, மிகுந்த வலியோடு அசையும் அடுக்கு அது. கேட்டவர் இரண்டு கிழமை முயன்று, குற்ற உணர்வோடு மறுபடி சோற்றுக்கு வருவார், பிறகு மருத்துவரிடம் உண்மையைச் சொல்லமாட்டார். உதிரியிலும் துணையிலும் தொடங்கினால் இழப்பு குறைவு, பயன் உண்மையானது: சோடாவுக்குப் பதில் தண்ணீர், தேத்தண்ணிக்குச் சீனி பாதி, இறைச்சிக்கறி இரண்டு நாளுக்குப் பதில் பருப்பும் பயறும், தீட்டிய வெள்ளை அரிசிக்குப் பதில் குத்தரிசி. விற்றமின் டிக்கு எங்கள் ரின்மீன் கறியே கைகொடுக்கும், கானாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மீனில் அந்தச் சத்து நிறைய.

ஸ்கொட்லாந்தில் இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினர் 171 பேரை வைத்து நடந்த பொடோசா என்ற முயற்சி இதைச் சரியான இடத்திலிருந்து தொடங்கியது. உணவு ஆலோசகர்கள் மூன்று வருடத்தில் 15 முறை வீட்டுக்கே போனார்கள். நோயாளியை மட்டும் இருத்தவில்லை, அந்த வீட்டில் சமைப்பவரையும் சேர்த்து இருத்தினார்கள். குறைந்த நிறை, ஒப்பீட்டுக் குழுவைவிடச் சுமார் 1.6 கிலோ. பெரிய எண்ணல்ல என்று சிலர் சொல்வார்கள். சோற்றை விடச் சொல்லாமல், மூன்று வருடம் நிலைத்த 1.6 கிலோ அது. சிறிய கொட்டில் உள்ள உடலுக்கு அந்த இரண்டு மூட்டை பெரிது.

வீட்டில் செய்து பார்க்கக்கூடிய ஒரு கணக்கோடு நிறுத்துகிறேன். எண்ணெய்ப் போத்தலைத் திறக்கும் நாளில் அதன் மேல் திகதியை எழுதுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் 5 லீற்றர் ஒரு மாதத்தில் முடிந்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு சுமார் 42 மில்லிலீற்றர், ஏறத்தாழ மூன்று மேசைக்கரண்டி. எண்ணெயில் மட்டும் 340 கலோரி அளவு. அதே போத்தலை 50 நாளுக்கு இழுத்தால் ஆளுக்கு 25 மில்லிலீற்றர், 200 கலோரிக்குச் சற்று மேல். கறியின் பெயரும் தூளும் மாறவில்லை. என் அக்கா தை மாதத்தில் தொடங்கினார். முதல் போத்தல் 29 நாள், இரண்டாவது 34. மூன்றாவது போத்தல் இப்போது அடுப்படியில் நிற்கிறது, பங்குனி 5 என்று எழுதியிருக்கிறது.